மூட்டை உரத்துக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்: பினாங்கு மாநில விவசாயத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் நிபோங் திபால் பக்கம் கீரை, வெண்டை, கத்தரி, மிளகாய் போடுகிற ஒரு சிறு விவசாயி. இந்த மடலின் மலாய்ப் பிரதியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புகிறேன். தமிழில் எல்லாரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம், இதில் பாதி பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் மண்ணை நம்பிப் பிழைக்கிற எங்கள் ஆட்களுக்கும் உரியது. அவர்களும் படிக்கட்டும், நான் சொல்வது சரியில்லை என்றால் திருத்தட்டும்.

நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உர உதவி என்று எதைக் கொடுத்தாலும், மூட்டையை இறக்குவதற்கு முன் அந்த நிலத்தின் மண்ணைச் சோதித்துப் பாருங்கள். மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று சோதனை சொன்னால் சுண்ணாம்பைக் கொடுங்கள். மட்கு வேண்டும் என்றால், மக்கிய எரு நியாயமான விலையில் எங்கள் வட்டாரத்திலேயே கிடைக்க வழி செய்யுங்கள். யூரியா வேண்டும் என்றால் யூரியாவையே கொடுங்கள், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

எங்கள் தாத்தா பாட்டி விட்டுவந்த தஞ்சாவூர் வண்டலும் கோவில்பட்டிக் கரிசலும் இங்கே இல்லை. மலேசிய நிலப்பரப்பில் 70 விழுக்காட்டுக்கும் மேல், மண்ணியல் அறிஞர்கள் அல்டிசால், ஆக்சிசால் என்று பிரிக்கிற செம்மண்ணும் மஞ்சள் மண்ணும்தான். காலங்காலமாக மழையில் கழுவப்பட்டு, சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் பொட்டாசியமும் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்கிற மண் அது. யாரும் கைவைக்காத காட்டிலேயே அதன் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். பாலிக் பூலாவ் டுரியான் தோட்டங்களின் மலைச்சரிவில் இருப்பது கருங்கல் பாறை சிதைந்து உண்டான மண். எங்கள் பக்கம் கடலோரக் களிமண். அந்தக் களிமண்ணிலும் சில இடங்களில் அடியில் கந்தகம் கலந்த படிவம் கிடக்கிறது. வாய்க்காலை ஆழமாக வெட்டிவிட்டால் அதில் காற்றுப் பட்டு, மண்ணே அமிலமாகிவிடும்.

பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் அதுவரை மண்துகளோடு ஒட்டிக் கிடந்த அலுமினியம் கரையத் தொடங்குகிறது. அது முதலில் தாக்குவது வேரின் நுனியை. வேர் நீளாமல் குட்டையாகித் தடிக்கும், பக்கவேர் விடாது. மண்ணில் ஈரம் இருக்கும், சத்தும் இருக்கும், ஆனால் எட்டி எடுக்க வேர் இருக்காது. மேலே இலை வெளிறுவதைப் பார்க்கிற தோட்டக்காரர் பசிக்கிறது போலிருக்கிறதே என்று இன்னொரு பிடி உரம் போடுவார். போட்ட மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் கட்டிப்போட்டுக்கொள்ளும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) அடுத்த மழையில் வாய்க்காலுக்குப் போய்விடும். கயோலினைட் என்ற களிமண் வகைதான் இங்கே அதிகம், சத்தைப் பிடித்துவைக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், இப்படிப்பட்ட மண்ணில் மூட்டையைக் கொட்டிக்கொண்டே இருந்தால் பாதிக்காசு கடலுக்குத்தான் போகும்.

சரி, இதில் உரத்துக்கு என்ன பங்கு? அம்மோனியம் சல்பேட்டிலும் யூரியாவிலும் இருக்கிற தழைச்சத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. நைட்ரேட் மழையோடு கீழே இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகிறது. வேதியியல் கணக்குப்படி, 50 கிலோ அம்மோனியம் சல்பேட் மூட்டை ஒன்று உண்டாக்கக்கூடிய அமிலத்தைச் சரிக்கட்ட ஏறத்தாழ 55 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். ஒரு மூட்டை யூரியாவுக்கு 40 கிலோ. ஒரு மூட்டை உரத்தோடு அதே எடைக்குச் சுண்ணாம்பும் வாங்கிப் போடுகிற காய்கறிக்காரரை நான் எங்கள் பக்கம் பார்த்ததில்லை. உரக்கடையில் மூன்று சத்தும் கலந்த நீல நிறப் பன்னிரண்டு-பன்னிரண்டு-பதினேழு மூட்டை கண்முன்னால் அடுக்கியிருக்கும். சுண்ணாம்பு கேட்டால் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். இத்தனைக்கும் ஈப்போவைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள்தான், இங்கிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. பொட்டாஷ் உரம் கப்பலில் வருகிறது, சுண்ணாம்பு பக்கத்து மாநிலத்தில் கிடக்கிறது. எது எளிதாகக் கிடைக்க வேண்டுமோ அது அரிதாக இருக்கிறது.

எங்கள் தோட்டங்களில் மண்புழு இல்லாமல் போனதற்கு ரசாயன உரத்தில் விஷம் கலந்திருக்கிறது என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் புழுவைத் துரத்துவது பெரும்பாலும் அமிலமும், அதற்குத் தின்ன எதுவும் இல்லாததும்தான். பி.எச்.ஸைத் தூக்கி, மட்கையும் சேர்த்தால் உரம் போடுகிற நிலத்திலும் புழு திரும்ப வரும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரசாயன உரமா, இயற்கை உரமா என்ற சண்டையில் எங்கள் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நடுவில் மண்ணை யாரும் பார்ப்பதில்லை.

இந்தச் சண்டைக்கு விடை தேடி அலைய வேண்டியதில்லை, பல ஊர்களில் பல்லாண்டுகளாகச் செய்து பார்த்துவிட்டார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்னும் இருக்கிறது. ஒரு பாத்திக்குத் தொழு உரம் மட்டும், இன்னொன்றுக்குத் தழைச்சத்து மட்டும், மற்றொன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் போட்டு அளந்திருக்கிறார்கள். தழைச்சத்தை மட்டும் வாங்கிய பாத்தி பின்தங்கியது. தொழு உரம் கண்ட பாத்தியில் மண்ணின் கரிமம் கூடியது. கோவை மண் நம்முடையதைப்போல் அமில மண் இல்லை, அதனால் நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் ராஞ்சியில் இருக்கிறது. அங்கே இருப்பது அமிலச் செம்மண். 1970-களின் தொடக்கத்திலிருந்து நடக்கும் சோதனையில், யூரியாவை மட்டும் போட்ட பாத்தியின் விளைச்சல் ஆண்டுக்காண்டு சரிந்தது. மூன்று சத்தோடு சுண்ணாம்போ தொழு உரமோ சேர்த்த பாத்திகள் தாக்குப்பிடித்தன. ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் சமாருவில் 1950-இல் தொடங்கிய சோதனையும் இதே திசையைத்தான் காட்டியது. வெப்ப நாட்டு மண்ணில் உரமும் எருவும் சேர்ந்தால்தான் நிற்கும், அமில மண் என்றால் சுண்ணாம்பும் கூட வேண்டும்.

எரு அங்கே செய்த வேலை மூன்று சத்தோடு முடிவதில்லை. மக்கும்போது வெளிவரும் கரிம அமிலங்கள் அலுமினியத்தைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன, வேருக்கு அதன் தொல்லை குறைகிறது. மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்களை மட்கு முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது, அதனால் போட்ட மணிச்சத்து செடிக்கு மிஞ்சுகிறது. களிமண் செய்யாத வேலையை, அதாவது சத்தைப் பிடித்துவைக்கும் வேலையை, இந்த நாட்டு மண்ணில் பெரும்பாலும் மட்குதான் செய்கிறது. அப்புறம் இங்குள்ள சூட்டிலும் ஈரத்திலும் மட்கு மிக வேகமாகக் கரைந்து போகிறது. குளிர்நாட்டில் ஒரு தடவை போட்ட எரு பல ஆண்டு பேசும், இங்கே தொடர்ந்து போட்டுக்கொண்டே இருந்தால்தான் நிற்கும்.

அப்படியானால் எருவை மட்டும் போட்டுப் பிழைக்கலாமே என்று கேட்கிற அன்பர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. பச்சை மாட்டுச் சாணத்தில் தழைச்சத்து அரை விழுக்காடு அளவுக்குத்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆக அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக நாலரை டன்னுக்கும் மேல் சாணம் அள்ள வேண்டும். லாரி வாடகை, அள்ள ஆள், கொட்ட இடம் என்று பார்த்தால், இடுப்பு வலியோடு தனியாகத் தோட்டம் பார்க்கிற அறுபது வயது அக்காமார்களிடம் போய் இதைச் சொல்ல முடியாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இயற்கை வேளாண்மையைப் பற்றி எங்கள் மக்களிடம் விடாமல் பேசி வருகிறது, அதற்கு நான் உண்மையாகவே கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் பஞ்சகவ்யத்தையும் மீன் அமிலத்தையும் மட்டும் தெளித்து வாரம் தவறாமல் சந்தைக்குக் கீரை அனுப்ப முடியும் என்று யாராவது சொன்னால், அவற்றில் இருக்கிற தழைச்சத்தின் அளவை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

சாணம் கனமாக இருப்பதால்தான் எல்லாரும் கோழி எருவுக்குத் தாவினார்கள். உலகில் தலைக்கு அதிகமாகக் கோழி சாப்பிடும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று, அதனால் எரு மலைமலையாகக் கிடைக்கிறது. சத்தும் சாணத்தைவிடப் பல மடங்கு. முட்டைக் கோழிக்குத் தீவனத்தில் சுண்ணாம்பு கலப்பதால் அந்த எரு மண்ணின் அமிலத்தைக்கூடக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் பச்சையாகப் போட்டால் அம்மோனியா வேரைக் கருக்கும், ஈ மொய்க்கும், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பச்சையாகத் தின்னும் இலைக்கறிகளில் ஒட்டும். கேமரன் மலையில் கோழி எருவால் வந்த ஈத் தொல்லை நாடறிந்த கதை.

கண்ணுக்குத் தெரியாத தொல்லைகள் இன்னும் கவலை தருகின்றன. கோழி எருவில் தழைச்சத்தோடு ஒப்பிட்டால் மணிச்சத்து, பயிர் எடுக்கிற விகிதத்தைவிட அதிகம். தழைச்சத்துக் கணக்கில் எருவைப் போட்டுக்கொண்டே வந்தால் மணிச்சத்து மண்ணில் குவிந்துகொண்டே போகும். முதலில் செம்மண் அதைக் கட்டிவைக்கும், நிறைந்த பிறகு மழையோடு வழியும். தீவனத்தில் சேர்க்கிற துத்தநாகமும் செம்பும் பெரும்பகுதி கோழியின் உடலில் தங்காமல் எருவில்தான் இறங்குகின்றன. அவை நைட்ரேட்டைப்போல் கழுவப்பட்டுப் போகாது, மண்ணிலேயே தங்கும். இயற்கை உரம் என்பதால் எவ்வளவு கொட்டினாலும் கெடுதல் இல்லை என்ற நினைப்பு எங்கள் ஆட்களிடம் வேரூன்றிப் போயிருக்கிறது. இதை உங்கள் விரிவாக்க அதிகாரிகள் நேரில் வந்து, எங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். துண்டுப்பிரசுரம் போதாது.

இது தோட்டக்காரரோடு முடிகிற விஷயமும் இல்லை. பினாங்கு குடிக்கிற தண்ணீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவின் வயல்களையும் தோட்டங்களையும் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது. எங்கள் வாய்க்கால் தண்ணீர் அந்த ஆற்றுக்குப் போகாவிட்டாலும், கடலோரத்து மீனவர்களின் தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது. தாசேக் கெளுகோர் பக்கம் பன்றிப் பண்ணைக் கழிவால் சுங்கை கெரே ஆறு பட்ட பாடு பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வருகிறது. அதே செபராங் பிறையில், தெற்கே தள்ளி, மட்கே இல்லாமல் வெளிறிப்போன மண்ணில் நாங்கள் கீரை விதைக்கிறோம். ஓரிடத்தில் எரு ஆற்றைக் கெடுக்கிறது, இன்னோரிடத்தில் மண் எருவுக்கு ஏங்கிக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட விவசாயத் துறையால் மட்டும்தான் முடியும். பண்ணைக்காரரும் நாங்களும் தனித்தனியாக அதைச் செய்ய முடியாது.

அந்தப் பாலத்துக்கு வேண்டியதும் இங்கேயே இருக்கிறது. கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் புகை எழும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. வைக்கோலில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. கோழி எருவில் அப்படியே தலைகீழ். இரண்டையும் கலந்து, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் வருகிற மாதிரி குவியல் போட்டால், அது தானாகவே 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டைச் சில நாள் காத்து, அவ்வப்போது புரட்டிப் போட்டால் கிருமியும் களை விதையும் சாகும், நாற்றமும் அடங்கும். செம்பனை ஆலைகளில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெறுங்குலையையும் இதில் சேர்க்கலாம், அதுவும் பொட்டாசியம் நிறைந்தது. முக்கியமான ஒன்று, குவியலுக்கு மேலே கூரை வேண்டும். இங்கு பெய்கிற மழையில் கூரையில்லாத குவியலிலிருந்து சத்தெல்லாம் கறுப்புத் தண்ணீராக வழிந்துவிடும், மிஞ்சுவது சக்கைதான். தனி ஆளால் அப்படி ஒரு கொட்டகை கட்ட முடியாது. வட்டாரத்துக்கு ஒரு கொட்டகை, புரட்டிப்போட ஒரு சிறு இயந்திரம், எடைபோட்டு விற்க ஓர் ஏற்பாடு, அதோடு ஒவ்வொரு குவியலிலும் சத்து எவ்வளவு, துத்தநாகமும் செம்பும் எவ்வளவு என்று அளந்து எழுதிய ஒரு சீட்டு. இவ்வளவுதான் கேட்கிறேன். கெப்பாலா பத்தாஸில் அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியின் நிலையம் இருக்கிறது, அறிவுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சுண்ணாம்பு விஷயத்திலும் உங்களுக்கு முன்மாதிரி உண்டு. நெல் வயல்களுக்குச் சுண்ணாம்பு இடுவதை அரசு உதவித் திட்டங்களில் சேர்த்ததுண்டு. காய்கறி நிலத்துக்கும் பழத்தோட்டத்துக்கும் அதை விரித்தால் என்ன? டோலமைட் சுண்ணாம்புத் தூளை ஹெக்டேருக்கு 2 முதல் 4 டன் வரை போடுவது இந்த நாட்டு அமில மண்ணுக்கு வழக்கமான பரிந்துரை. துல்லியமான அளவைச் சோதனைதான் சொல்ல வேண்டும். அளவு மீறினால் நுண்சத்துகள் செடிக்கு எட்டாமல் போய்விடும், அதனால்தான் சோதனை, சோதனை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மண் ஆய்வுக்கூடம் உங்களிடம் இருக்கிறது. ஆய்வு முடிவில் எண்கள் மட்டும் வந்தால் எங்களில் பலருக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை கிலோ எதைப் போடுவது, எப்போது போடுவது, எதை இந்தப் பருவம் போடவே வேண்டாம் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். போட வேண்டாம் என்ற வரியால் பல குடும்பங்களுக்குக் காசு மிஞ்சும். 2021, 2022-இல் உர விலை ஏறியபோது கடன் வாங்கி உரம் வாங்கியவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலருடைய மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்திருக்கலாம். சோதிக்காமல் அது யாருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் இங்கே வைத்தாக வேண்டும், அது உங்கள் துறைக்கு வெளியே போகிறது என்றாலும். எங்களில் பலர் தோட்டம் போடுவது டி.ஓ.எல். நிலத்தில். அந்தத் தற்காலிக உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது, பிறகு புதுப்பிக்க வேண்டும். யூரியாவின் பலன் சில வாரங்களில் தெரியும். சுண்ணாம்பின் பலன் சில ஆண்டுகள் நிற்கும். மட்கின் பலன் தெரியவே சில ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு இந்த நிலம் நம்மிடம் இருக்குமா என்று தெரியாத ஒருவர் இந்த மூன்றில் எதில் காசைப் போடுவார்? எங்கள் ஆட்களுக்கு மண்மீது அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து லயங்களில் பிறந்து, அடுத்தவர் நிலத்தில் ரப்பருக்கும் செம்பனைக்கும் வாளி தூக்கி உரம் போட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். எந்த மரத்துக்கு எவ்வளவு, எந்த மழைக்கு முன், எந்த மழைக்குப் பின் என்பது எங்கள் அம்மாமார்களுக்குக் கையளவில் தெரியும். ஐந்தாண்டுக்காவது நிலம் உறுதி என்றால் மண்ணைத் தேற்றுகிற வேலையை நாங்களே செய்வோம். நில அலுவலகத்தோடு பேச எங்களைவிட உங்களுக்கு வாய்ப்பு அதிகம். மண்ணைச் சோதித்து, சுண்ணாம்பும் மக்கிய எருவும் போட்டு, கணக்கு எழுதி வைக்கிற விவசாயிக்கு நீண்டகாலக் குத்தகையில் முன்னுரிமை கொடுக்கச் சொல்லிப் பரிந்துரை செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாது என்பது தெரியும். செபராங் பிறையின் தென்பகுதியில் ஒரு சில தோட்டங்களை எடுத்துக்கொண்டு முதலில் செய்து பாருங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் நான்கு பாத்தி போதும். ஒன்றில் வழக்கமான மூட்டை உரம், ஒன்றில் அதோடு சுண்ணாம்பு, ஒன்றில் மூட்டையைப் பாதியாகக் குறைத்து மக்கிய எரு, ஒன்றில் சுண்ணாம்பும் எருவும் பாதி மூட்டையும். விளைச்சலையும் செலவையும் பி.எச்.ஸையும் எழுதி வைப்போம். என் நிலத்தில் நான்கு பாத்தி தர நான் தயார், பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் பேசியிருக்கிறேன். ஆண்டுக் கடைசி மழை ஓய்ந்து, சனவரி விதைப்புக்கு மண்ணைக் கொத்தும் நேரத்தில் தொடங்கினால் சரியாக இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்னதாகவாவது மண் மாதிரி எடுக்க ஓர் அதிகாரியை அனுப்பிவையுங்கள். எந்த நாள் என்று சொல்லிவிட்டால் எல்லாரையும் கூட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நிபோங் திபாலிலிருந்து ஒரு காய்கறி விவசாயி